வினை தீர்க்கும் வினைச்சொல்

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இந்தச் சஷ்டிப் பதிவு வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளம். டீ பிரேக்ல பாதி, வீட்டுக்குப் போற பஸ்ல மீதின்னு படிச்சாலும் சரி, முழுசாப் படிச்சிருங்க. இது நம்ம வாயையும் கையையும் பத்தின விஷயம்.

முதல்ல ஒரு சின்ன இலக்கணம். பயப்படாதீங்க, பரீட்சை இல்லை. பள்ளிக்கூடத்துல 'வினைச்சொல்'னு படிச்சோம். வெட்டு, மடி, தை, நட, பாடு, இதெல்லாம் வினைச்சொல். 'வினை'க்கு இன்னொரு அர்த்தம் செயல், அதாவது கை செய்யற வேலை. மூணாவது அர்த்தம், கோயில்ல போய் நின்னு "இதைத் தீர்த்து வைப்பா"ன்னு கேட்கிறோமே, அந்த வினை. செஞ்சதோட பலன். சொல், செயல், செயலின் பலன், இந்த மூணுக்கும் தமிழ் ஒரே பேரைத்தான் வெச்சிருக்கு. சொல்லுக்கும் கைக்கும் நடுவுல ஒரு வழி இருக்குன்னு நம்ம மொழிக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு போல. அந்த வழி மூளைக்குள்ள எப்படி ஓடுதுன்னு விஞ்ஞானிகள் இப்பவும் தேடிக்கிட்டு இருக்காங்க. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

*ஒரு தம்பியோட கேள்வி*

பவர் டேபிள்ல ஓவர்லாக் ஓட்டுற தம்பி ஒருத்தன் போன கிருத்திகைக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணா, காலையில எட்டரைக்கு உக்காந்தா ராத்திரி எட்டு வரைக்கும் மெஷின்தான். பூஜைக்கு நேரமே இல்லை. தைக்கும்போதே வாய்க்குள்ள கவசம் சொல்லிக்கிறேன். வாய் ஒரு பக்கம் சொல்லுது, கை ஒரு பக்கம் தைக்குது. இது கும்பிடுறதுல சேருமா? இல்ல, சாமிக்கு மரியாதைக் குறைவா?"

சேரும் தம்பி. தாராளமாச் சேரும். ஆனா "சேரும்"னு ஒரு வார்த்தையில முடிச்சா, ஏன் சேருதுங்கிறது விட்டுப் போயிரும். அதுக்குப் பக்கத்து ஊருக்குத்தான் போகணும்.

*சென்னிமலையும் மூளையின் வரைபடமும்*

பாலன் தேவராய சுவாமிகள் பாடின கந்த சஷ்டி கவசம், சென்னிமலையில அரங்கேறினதுன்னு வழிவழியாச் சொல்லுவாங்க. சென்னிமலை தறிக்காரங்க ஊரு. போர்வை நெய்யுற ஊரு. கையை நம்பிப் பிழைக்கிறவங்க இருக்கிற ஊர்ல அரங்கேறின பாட்டு, உடம்பை எப்படி எடுத்துக்குது பாருங்க. "என்னைக் காப்பாத்து"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாமே. அப்படி முடிக்கலை. நெத்தி, கண்ணு, காது, மூக்கு, பல்லு, நாக்கு, கழுத்து, தோள், கை, விரல், தொடை, பாதம்னு ஒவ்வொரு உறுப்பையும் பேர் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் வேலைக் கூப்பிட்டுக் காவல் வைக்குது.

இப்ப கனடாவுக்கு வாங்க. 1930கள்ல மாண்ட்ரியல் நகரத்துல வைல்டர் பென்ஃபீல்டுன்னு ஒரு மூளை அறுவை மருத்துவர் இருந்தார். வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்யறப்ப, அவங்க முழிச்சிருக்கும்போதே மூளையோட மேற்பரப்புல மெல்லிசா மின்சாரம் தொட்டுப் பார்ப்பார். ஒரு இடத்துல தொட்டா விரல் அசையும். கொஞ்சம் தள்ளித் தொட்டா உதடு அசையும். இன்னொரு இடத்துல தொட்டா கால். இப்படித் தொட்டுத் தொட்டு, உடம்பை அசைக்கிற பகுதிக்கு ஒரு வரைபடமே போட்டுட்டார். மூளையில ஒரு பட்டை மாதிரி ஓடற இடம் அது. கால், உடம்பு, கை, விரல், முகம், உதடு, நாக்குன்னு உறுப்புகள் அதுல வரிசையாக் குடியிருக்கு.

அந்த வரைபடத்துல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கைக்கும் வாய்க்கும்தான் ரொம்பப் பெரிய இடம். முதுகுக்கெல்லாம் சின்ன மூலைதான். ரெண்டு, கையும் முகமும் அங்க அக்கம்பக்கத்து வீடு. கழுத்துக்குக் கீழே தள்ளித் தொங்குற கை, மூளையில வாய்க்குப் பக்கத்துல உக்காந்திருக்கு.

*கத்தரி பிடிக்கிறவங்க தாடையைப் பாருங்க*

இதை நம்ம ஊர்லயே பார்க்கலாம். பிசிறு வெட்டுற அக்காமார் பக்கத்துல போய் நின்னு கவனிங்க. கத்தரி திறந்து மூடுறப்ப, சில பேருக்குத் தாடையும் லேசாச் சேர்ந்து அசையும். ஒண்ணாங்கிளாஸ் குழந்தை 'அ' எழுதப் பழகறப்ப, நாக்கை வெளியே துருத்திக்கிட்டு எழுதும். கை போற பக்கமெல்லாம் நாக்கும் போகும். இந்த ரெண்டையும் 1872-லயே சார்லஸ் டார்வின் தன் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கார்.

அதை எடுத்து விளக்கினவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், வி.எஸ். ராமச்சந்திரன். 1951-ல பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்சவர், பிறகு அமெரிக்காவோட சான் டியாகோவுல பெரிய மூளை ஆய்வாளரா ஆனவர். கையும் வாயும் மூளையில அக்கம்பக்கத்துல இருக்கிறதால ஒண்ணோட அசைவு இன்னொண்ணுக்குக் கசியுதுன்னு அவர் சொல்றார். மனுஷனோட பேச்சே கையசைவுலேருந்து வாயசைவுக்கு இப்படிக் கசிஞ்சு வந்திருக்கலாம்ங்கிறது அவரோட கருத்து.

அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-ல எழுதின ஆய்வு ஒண்ணு ரொம்பப் பிரபலம். ரெண்டு படம் காட்டுவாங்க. ஒண்ணு முனை முனையாக் கூர்மையா இருக்கும், இன்னொண்ணு மேகம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். இதுல 'கிகி' எது, 'பூபா' எதுன்னு கேட்பாங்க. ரெண்டுமே அர்த்தம் இல்லாத சொல்லு. அமெரிக்க மாணவர்கள்கிட்டயும் கேட்டாங்க, இங்க தமிழ் பேசற மக்கள்கிட்டயும் கேட்டாங்க. ரெண்டு பக்கமும் 100-க்கு 95 பேருக்கு மேல, கூர்மையானது 'கிகி', வளைஞ்சது 'பூபா'ன்னுதான் சொன்னாங்க. 'கிகி' சொல்றப்ப நாக்கு சட்டுன்னு வெட்டித் திரும்புது. 'பூபா' சொல்றப்ப உதடு குவிஞ்சு உருளுது. கண்ணு பார்த்த உருவத்தை வாய் தன் அசைவால வரைஞ்சு காட்டுது.

ஆக, சொல் வெறும் சத்தம் இல்லை. அது ஒரு அசைவு. தொல்காப்பியத்துலயும் எழுத்து எப்படிப் பிறக்குதுன்னு சொல்ல வந்த பிறப்பியல், உடம்பைத்தான் பேசுது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம்னு எட்டு இடத்தைச் சொல்லுது. எழுத்துலயே ஒரு பாதிக்கு 'மெய்'னு பேர். மெய்னா உடம்பு. மெய்னா உண்மையும்தான்.

*சொல்லைக் கேட்ட விரல்*

வாய் அசைஞ்சாத்தான் இப்படியா? வாயே திறக்காம, சும்மா ஒரு வினைச்சொல்லைப் படிச்சா?

2004-ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஹவுக், ஜான்ஸ்ரூட், புல்வர்முல்லர்னு மூணு ஆய்வாளர்கள் இதைப் பார்த்தாங்க. ஆளுங்களை ஸ்கேன் மெஷின்ல படுக்க வெச்சு, ஆங்கில வினைச்சொற்களை மனசுக்குள்ள மட்டும் படிக்கச் சொன்னாங்க. 'நக்கு' மாதிரி வாய்ச் சொல், 'எடு' மாதிரி கைச் சொல், 'உதை' மாதிரி கால் சொல். யாரும் அசையலை. ஆனா கைச் சொல்லைப் படிக்கிறப்ப மூளையில விரலை அசைக்கிற இடத்துக்கிட்டயும், கால் சொல்லைப் படிக்கிறப்ப காலை அசைக்கிற இடத்துக்கிட்டயும் வேலை நடந்தது தெரிஞ்சது.

அடுத்து 2010-ல ஃப்ராக், நாசிர் குழு இன்னும் எளிமையா ஒண்ணு செஞ்சாங்க. அழுத்தத்தை அளக்கிற ஒரு சின்னக் கருவியை விரல்ல பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, காதுல வர்ற சொற்களைக் கேட்கணும். கையால செய்யற வேலையைக் குறிக்கிற சொல் வந்ததும், அவங்களை அறியாமலேயே விரல்பிடி துளியூண்டு இறுகிச்சு. கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும். சொல் காது வழியாப் போய் விரல்ல எட்டிப் பார்த்துட்டு வந்திருக்கு.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அரவேனா, நாசிர் குழு 2012-லயும் 2014-லயும் இதையே தனிச்சொல்லா இல்லாம, முழு வாக்கியமா வெச்சுச் சோதிச்சாங்க.

"தூக்குகிறாள்"னு கேட்டப்ப, பிடி இறுகிச்சு.

"தூக்கவில்லை"னு கேட்டப்ப, இறுகலை.

"கையெழுத்துப் போடுகிறான்"னு கேட்டப்ப, இறுகிச்சு.

"கையெழுத்துப் போட விரும்புகிறான்"னு கேட்டப்ப, இறுகலை!

அதே வினைதான், அதே கைவேலைதான். ஆனா "செய்யறேன்"னு சொன்னா கை கேட்குது. "செய்ய ஆசை"ன்னு சொன்னா கை கண்டுக்கவே மாட்டேங்குது.

*எச்சமும் முற்றும்*

இந்த இடத்துல எனக்கு மறுபடி தமிழ் இலக்கணம்தான் ஞாபகம் வந்துச்சு. 'போடுகிறான்' வினைமுற்று. முடிஞ்சு நிக்கிற சொல். 'போட' வினையெச்சம். இன்னும் எதையோ எதிர்பார்த்துத் தொங்கிக்கிட்டு நிக்கிற சொல். அந்த ஆய்வு பிரெஞ்சு மொழியில நடந்தது. ஆனா அவங்க கண்டதுக்குப் பேர் நம்ம பள்ளிக்கூட நோட்டுலயே இருக்கு.

இப்ப நம்ம வேண்டுதலை எல்லாம் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போமா? "முருகா, குடியை விட ஆசைப்படறேன்." எச்சம். "முருகா, தினமும் உன் கோயிலுக்கு வரணும்னு நினைக்கிறேன்." எச்சம். "அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பணும்னு இருக்கேன்." எச்சம். வாயெல்லாம் எச்சமா வெச்சுக்கிட்டு, வினை முற்றுப் பெறலையேன்னு சாமிகிட்ட வருத்தப்பட்டா எப்படி?

"முருகா, இன்னைக்கு அந்தக் கடைப் பக்கம் போகாம நேரா வீட்டுக்குப் போறேன். கூட வா." இது முற்று. சின்னதுதான். ஒரே ஒரு நாளுக்குத்தான். ஆனா கால் கேட்கிற மொழியில இருக்கு.

சென்னிமலையில 1904-ல பிறந்து திருப்பூருக்கு வந்த ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. பேரே குமரன். 1932 ஜனவரி 10-ஆம் தேதி ஊர்வலத்துல தடியடி விழுந்தது. மண்டை உடைஞ்சு விழுந்தப்பவும் கையில பிடிச்ச கொடியை விடலை. மறுநாள் உயிர் போச்சு. விடுதலை வேணும்னு ஆசைப்பட்டவங்க லட்சக்கணக்குல இருந்திருப்பாங்க. ஆசையைக் கை வரைக்கும் கொண்டு போனதாலதான் அவர் 'கொடி காத்த குமரன்'.

*ஃபார்வேர்டு அனுப்புறதுக்கு முன்னாடி*

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இந்தப் பதிவைப் படிச்சுட்டு, "மந்திரம் சொன்னா நோய் தீரும்னு விஞ்ஞானமே நிரூபிச்சிருச்சு"ன்னு யாரும் ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. மேல சொன்ன ஆய்வு எதுவும் மந்திரத்தைச் சோதிக்கலை. அந்த விரல் இறுக்கம் ரொம்பச் சின்னது. அசைவுப் பகுதி வேலை செஞ்சாத்தான் சொல்லோட அர்த்தம் புரியுமா, இல்ல அர்த்தம் புரிஞ்சதுக்கு அப்புறம் வர்ற எதிரொலிதானான்னு ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் வாதம் ஓயலை. முருகனுக்கு யாரோட சான்றிதழும் தேவையில்லை. அரைகுறை அறிவியலை வெச்சு அவனுக்கு முட்டுக் கொடுக்கிறது பக்தி ஆகாது. வேல்னா ஞானம். ஞானத்தோட பேர்ல பொய் சொன்னா அது வேலையே மொண்ணையாக்குற மாதிரி.

நான் எடுத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். சொல்லுக்கும் கைக்கும் நடுவுல வழி இருக்கு. அந்த வழியில எதை அனுப்பணும்ங்கிறது நம்ம பொறுப்பு.

*வேலுக்கு முன்னாடி மந்திரம்*

பல்லடத்துக்குத் தெக்கே சுல்தான்பேட்டை வட்டாரத்துல செஞ்சேரிமலை இருக்கு. மந்திரகிரின்னும் சொல்லுவாங்க, வேலாயுதசாமி கோயில். சூரனோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி, முருகன் தன் அப்பன் சிவன்கிட்ட மந்திர உபதேசம் வாங்கின இடம்னு தல வரலாறு. சுவாமிமலையில அப்பனுக்கே பிரணவம் சொன்ன பிள்ளை, இங்க அப்பன்கிட்ட மந்திரம் கேட்டு நிக்கிறான். ஏன்? போருக்குப் போற கைக்கு முன்னாடி ஒரு சொல் போகணும். படை கிளம்பறதுக்கு முன்னால வாயும் மனசும் நேராகணும். ஆறுமுகமும் பன்னிரு கையும் இருக்கிறவனே அப்படிச் செஞ்சிருக்கான்னா, ஒரு வாயும் ரெண்டு கையும் வெச்சிருக்கிற நாம?

கோயில்ல குருக்கள் பூஜை தொடங்கறப்ப கவனிச்சிருக்கீங்களா? மந்திரத்தைச் சொல்லிக்கிட்டே கட்டைவிரல், ஆள்காட்டி விரல்னு ஒவ்வொரு விரலாத் தொடுவார். அப்புறம் நெஞ்சு, தலைன்னு தொடுவார். கர நியாசம், அங்க நியாசம்னு பேர். சொல்லை விரல்ல வெச்சுட்டுத்தான் அந்த விரலால பூவை எடுப்பார். தைக்கிற தம்பி கவசத்தைச் சொல்லிக்கிட்டே துணியை நகர்த்துறானே, அதுவும் எனக்கு ஒரு நியாசமாத்தான் தெரியுது. ஊசிக்கு முன்னாடி போற விரல்ல அவன் முருகன் பேரை வெச்சிருக்கான்.

படியேறுறவங்களைக் கேளுங்க. சென்னிமலைக்கு 1320 படி. "முருகா"ன்னு ஒரு படி, "கந்தா"ன்னு ஒரு படி வெச்சா, சொல்லோட தாளத்துல கால் தானாப் போகும். காவடி எடுத்து ஆடறவங்களுக்குக் கொட்டுச் சத்தமும் அரோகராவும் நின்னுருச்சுன்னா, அடுத்த அடி கனத்துப் போகும். பார்க்கின்சன் நோயால நடை தடுமாறுறவங்களைச் சீரான தாளத்தைக் கேட்க வெச்சு நடக்கப் பழக்குறது மருத்துவத்துலயே இருக்கு. காதுல விழற தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு கால் எழுந்திரிக்குது.

*அடுத்தவங்க கைக்கு நாம சொல்றது*

இதுவரைக்கும் நம்ம சொல், நம்ம கை. இனிமே சொல்றதைத்தான் நீங்க முக்கியமா எடுத்துக்கணும். நம்ம சொல் அடுத்தவங்க கைக்கும் போகுது.

நானும் பதினெட்டு வயசுல செக்கிங் டேபிள்ல நின்னவன்தான். எந்த கம்பெனின்னு வேண்டாம். புதுசா ஒரு பொண்ணு கைமடிக்கு வந்திருந்துச்சு. பீஸை டெய்லர்கிட்ட எடுத்துக் கொடுக்கணும், ஓரத்தை மடிச்சுப் பிடிக்கணும். கை ஓடலை. சூப்பர்வைசர் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கத்தினார், "உனக்கு அது கையா, இல்ல வெறகுக்கட்டையா?" அவ்வளவுதான். அன்னைக்குப் பகல் முழுக்க அந்தப் பொண்ணு கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. கட்டு கட்டா டேமேஜ். சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம், ஒரு சீனியர் டெய்லர் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. "கண்ணு, இந்த ஓரத்தைப் பிடி. இப்படித் திருப்பு. இப்ப விடு." மூணே சொல்லு. பிடி, திருப்பு, விடு. பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தக் கை நிதானத்துக்கு வந்துருச்சு.

ரெண்டு பேரும் சொல்லைத்தான் பயன்படுத்தினாங்க. ஒருத்தர் சொல்லு கையை வெறகாக்கிச்சு. இன்னொருத்தர் சொல்லு வெறகைக் கையாக்கிச்சு.

இன்னைக்கு நம்ம பக்கத்து மெஷின்ல ஒடிசாவுலேருந்தும் பீகார்லேருந்தும் ஜார்க்கண்டுலேருந்தும் வந்த பசங்க உக்காந்திருக்காங்க. அவங்க கத்துக்கிற முதல் தமிழே வினைச்சொல்தான். எடு, மடி, வெட்டு, பிடி. புத்தகம் வெச்சுக் கத்துக்கிறதில்லை. நாம செஞ்சு காட்டுறதைப் பார்த்து, கையாலயே கத்துக்கிறாங்க. அதுக்கு அடுத்து அவங்களுக்கு நாம சொல்லிக் கொடுக்கிற தமிழ் என்ன? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க. திட்டுதானே? தமிழ்க் கடவுள்னு முருகனைக் கொண்டாடுறோம். அவன் மொழியை, வீடு வாசலை விட்டு வந்த ஒரு பையன் வசவாத்தான் முதல்ல கேட்கணுமா?

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறப்ப, "விரலை உள்ளே விடாதே, துணியை இழுக்காதே"ன்னு எதிர்மறையா அடுக்காம, "விரலை இங்க வை, துணி தானாப் போகும், நீ வழி மட்டும் காட்டு"ன்னு செய்ய வேண்டியதைச் சொல்லுங்க. "தூக்கவில்லை"னு கேட்ட கை இறுகலைன்னு பார்த்தோமில்ல? அதுலேருந்து நான் எடுத்துக்கிட்ட பாடம் இது. கைக்கு எங்கே போகணும்னு சொல்லுங்க.

*பேச்சும் வலது கையும் சேர்ந்து விழறப்ப*

ஒரு கனமான விஷயம். எங்க சொந்தத்துல ஒரு அப்பச்சி. ஒரு நாள் விடியக்காலம் வலது கை விழுந்துருச்சு, பேச்சும் சேர்ந்து போயிருச்சு. ஏன் ரெண்டும் ஒண்ணாப் போகுதுன்னு இப்ப உங்களுக்கே புரியும். பெரும்பாலானவங்களுக்குப் பேச்சு இடது மூளையில. வலது கையை அசைக்கிறதும் இடது மூளைதான். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. அங்க ரத்த ஓட்டம் அடைச்சா ரெண்டுக்கும் ஒண்ணா அடி. 1861-ல பாரிஸ்ல பால் ப்ரோக்கா பார்த்த நோயாளியும் அப்படித்தான். என்ன கேட்டாலும் 'டான்'னு ஒரே ஒலிதான் வரும். அவர் இறந்ததுக்கு அப்புறம் பார்த்தப்ப, மூளையோட இடது முன்பகுதியில சேதம் இருந்தது. வாயை அசைக்கிற இடத்துக்கு ஒட்டினாப்பல இருக்கிற பகுதி அது.

அப்பச்சிக்குத் தண்ணி வேணும்னு கேட்க வாய் வராது. ஆனா ஒரு கிருத்திகை அன்னைக்கு வீட்டுல எல்லாரும் சேர்ந்து பாடறப்ப, அவரும் பாடிட்டார். வார்த்தையோட! வீடே அழுதுச்சு. இது நோயாளிகள் பல பேர்கிட்ட மருத்துவர்கள் பார்த்திருக்கிற விஷயம்தான். பேச வராதவங்களுக்குப் பாட வரும். 1973-ல அமெரிக்காவோட பாஸ்டன்ல, ராகம் போட்டுச் சொல்லைச் சொல்ல வெச்சு, அசைக்கு அசை இடது கையால தட்ட வெச்சுப் பேச்சைத் திருப்பிக் கொண்டு வர்ற ஒரு பயிற்சியையே உருவாக்கினாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. ஆனா சொல்லும் ராகமும் தட்டுற கையும் சேர்ந்து ஒரு அடைஞ்ச கதவைத் தட்டுது. ஐஞ்சு வயசு வரைக்கும் பேசாம இருந்த குமரகுருபரர், திருச்செந்தூர் சந்நிதியில வாய் திறந்து பாடினார்னு நம்ம முன்னோர் சொல்ற வரலாறு ஞாபகம் வருதுங்களா?

அதனால தம்பி தங்கச்சிகளா, மனப்பாடம் பண்ணி வையுங்க. வீட்டுலயோ கம்பெனியிலயோ யாருக்காவது திடீர்னு முகம் ஒரு பக்கம் கோணுச்சா, ஒரு கை தூக்க முடியாம விழுதா, பேச்சு குழறுதா? உடனே 108. திருநீறு பூசுங்க, முருகான்னு கூப்பிடுங்க, ஆனா ஒரு கை போனை எடுக்கட்டும். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "தூங்கி எழுந்தா சரியாயிரும்", "காலையில பார்த்துக்கலாம்"னு விட்டுராதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுற விரலும் முருகனோட வேல்தான்.

*இந்தச் சஷ்டிக்கு*

நாலு விஷயம் சொல்றேன். முடிஞ்சதைப் பிடிச்சுக்கோங்க.

1. வேலைக்கு உக்காரும்போது மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி, ரெண்டு உள்ளங்கையையும் பார்த்து ஒரு தடவை "முருகா" சொல்லுங்க. சொல்லை விரல்ல வெச்சுட்டு வேலையைத் தொடுங்க.

2. கை பழகின வேலையில வாய் பாடட்டும். ஆனா கட்டிங்ல கத்தி ஓடறப்ப, புது டிசைன் பழகறப்ப, மெஷின்ல கோளாறு பார்க்கறப்ப பாட்டு வேண்டாம், காதுல இயர்போனும் வேண்டாம். அந்த நேரத்துல கவனம்தான் கவசம்.

3. வேண்டுதலை வினைமுற்றாச் சொல்லுங்க. "செய்யணும்" இல்ல, "இன்னைக்கு இதைச் செய்யறேன்." ஒரு நாளுக்கு ஒண்ணு போதும்.

4. பக்கத்துல இருக்கிற ஒரு கைக்கு, இன்னைக்கு ஒரு நல்ல சொல் கொடுங்க. "இப்ப சரியா வருது பாரு"ன்னு. அவ்வளவுதான். அது தமிழ் தெரியாத கையா இருந்தா இன்னும் விசேஷம்.

முருகா! எங்க நாக்குல நீ உக்காரு. நாங்க சொல்ற சொல்லு எங்க கையை நேராக்கட்டும், யார் கையையும் நடுங்க வைக்காம இருக்கட்டும். எச்சமா நிக்கிற எங்க வினையை எல்லாம் முற்றாக்கிக் கொடு. வெட்டுற கை, தைக்கிற கை, மடிக்கிற கை, பேக்கிங்ல பெட்டி கட்டுற கை, எல்லாத்துக்கும் முன்னாடி உன் வேல் போகட்டும்.

படிச்சு முடிச்சவங்க ஒரு தடவை வாய் திறந்து "முருகா" சொல்லுங்க. ஷிப்ட் முடிஞ்சு களைச்சு வர்ற ஒருத்தருக்கு இதை அனுப்பி விடுங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.